அணு உலையில் எரிபொருள் சேமிப்பு மாற்றம்: இ.ஐ.ஏ. அறிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தெற்கே கல்பாக்கம். 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய 220 மெகாவாட் கனநீர் உலைகள் இரண்டு, 500 மெகாவாட் அதிவேக ஈனுலை, எரிபொருள் மறுசெயலாக்க ஆலை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கூடங்குளத்தில் ரஷ்ய வடிவமைப்பிலான 1000 மெகாவாட் உலைகள். உலை ஓடும் வரை பயன்படுத்திய எரிபொருள் வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். வைக்கும் இடம் ஒருநாள் நிரம்பும், அப்போது சேமிப்பில் ஏதாவது ஒரு மாற்றம் வரும். அந்த மாற்றத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (இ.ஐ.ஏ.) அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களோடு கைக்கு வரும்போது திகைத்துப் போகாமல் இருக்க இந்தக் குறிப்புகள் உதவும். பொறியியல் மாணவர், செய்தியாளர், இளம் வழக்கறிஞர், கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் குடியிருப்பவர் என யாராக இருந்தாலும் படிக்கும் வரிசை ஒன்றுதான்.

அந்த அறிக்கையில் தேடவேண்டியவை நான்கு எண்கள்: எரிபொருள் கட்டுகள் எத்தனை, உலையிலிருந்து எடுத்து எத்தனை ஆண்டு ஆறியது, எவ்வளவு வெப்பம் தரும், எந்த ஆண்டு வரை அங்கே இருக்கும். இந்த நான்கும் கிடைக்காவிட்டால் பறவைப் பட்டியல் பத்துப் பக்கம் இருந்தும் பிரயோசனமில்லை.

என்ன மாற்றம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சேமிப்பு மாற்றம் மூன்று விதமாக வரும். பயன்படுத்திய எரிபொருளை நீரில் ஆறவைக்க இப்போது இருக்கும் குளத்திலேயே அடுக்குகளை நெருக்கி வைத்துக் கூடுதல் இடம் எடுப்பது ஒன்று. உலைக் கட்டடத்துக்கு வெளியே தனிக் குளம் கட்டுவது இன்னொன்று. கூடங்குளம் விவகாரத்தில் செய்திகளில் அடிபட்ட ஏ.எஃப்.ஆர். (Away From Reactor, அதாவது உலைக்கு வெளியே உள்ள சேமிப்பகம்) இந்த வகையில் வருவது. நீரில் பல ஆண்டு ஆறிய எரிபொருளை எடுத்து, எஃகும் கான்கிரீட்டும் கொண்ட உலர் கலங்களில் அடைத்துத் தரைமேல் நிறுத்துவது மூன்றாவது. மூன்றுக்கும் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு வேறு.

அடுக்கை நெருக்குவதை எடுத்துக்கொள்வோம். கல்பாக்கம் கனநீர் உலைகளில் எரிவது இயற்கை யுரேனியம். அந்தக் கட்டுகளைச் சாதாரண நீரில் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் தொடர்வினை தொடங்காது. ‘நெருக்கினால் குளத்துக்குள்ளேயே அணுவினை நடக்கும்’ என்று அந்த அறிக்கையின் மேல் ஆட்சேபம் எழுதினால் முதல் பதிலிலேயே மனு அடிபட்டுவிடும். அதே மனுவில் நீங்கள் கேட்ட நல்ல கேள்விகளும் சேர்ந்து மதிப்பிழக்கும். கூடங்குளத்து எரிபொருள் செறிவூட்டியது, ஈனுலையின் எரிபொருளில் புளூட்டோனியம் இருக்கிறது. அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. செறிவூட்டிய எரிபொருளின் குளத்தில் இடைவெளி, நீரில் கரைத்த போரான், அடுக்குச் சுவரில் உள்ள நியூட்ரான் உறிஞ்சித் தகடு ஆகியவற்றை நம்பித்தான் பெருக்கக் காரணி (1-ஐத் தொட்டால் தொடர்வினை தானாக நடக்கும்) 0.95-க்குக் கீழே நிற்கிறது. போரான் நீர்த்துப்போனால் அந்த எண் எவ்வளவு ஆகும், தகட்டின் மாதிரித் துண்டுகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துச் சோதிப்பார்கள் என்று கேளுங்கள். அமெரிக்கக் குளங்களில் போராஃப்ளெக்ஸ் என்ற உறிஞ்சித் தகடு கதிர்வீச்சிலும் நீரிலும் கிடந்து சிதைந்து, சிலிக்காவாக நீரில் கரைந்த வரலாறு உண்டு.

புதுக் குளம் என்றால் உள்ளே துருப்பிடிக்காத எஃகு உறை இருக்கும். உறையின் பற்றவைப்புகளுக்குப் பின்னால் கசிவைப் பிடிக்கும் கால்வாய்கள் எத்தனை பிரிவாக இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாக் கால்வாயும் ஒரே தொட்டியில் கூடினால் கசிவு தெரியவரும், எந்த இடத்தில் என்று தெரியாது.

உலர் கலம் என்றால் கல்பாக்கத்தில் முதல் கேள்வி உப்புக் காற்று. பற்றவைத்து மூடிய துருப்பிடிக்காத எஃகுக் கலங்களில், கடலோர உப்பு படிந்து பற்றவைப்பு ஓரங்களில் விரிசல் விடும் வாய்ப்பு உலகெங்கும் ஆராயப்படும் விஷயம். போல்ட் போட்டு மூடும் கனத்த கலமாக இருந்தால், இரண்டு மூடிகளுக்கு இடையிலான அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கிறார்களா என்று கேளுங்கள். காற்றோட்டத் துளை உள்ள கலமானால் துளை அடைபடுவதை யார், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்பதும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் உலர் கலத்தை ஒரேயடியாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 2011-இல் ஃபுகுஷிமாவில் சுனாமி நீர் புகுந்த கட்டடத்தில் இருந்த உலர் கலங்கள் தாக்குப்பிடித்தன. கவலைக்கு இடமாக இருந்தவை மின்சாரம் போன குளங்கள்தான்.

குளத்திலிருந்து புது இடத்துக்கு எரிபொருளைக் கொண்டுபோகும் வழியை நிறையப் பேர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பொதுச் சாலையில் போகும் கலத்துக்குச் சர்வதேசச் சோதனைகள் உண்டு: வளையாத தளத்தின் மேல் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழவேண்டும், 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் தாங்கவேண்டும். வளாகத்துக்குள்ளேயே நகர்த்தும் கலமும் இந்தத் தரத்தில்தான் இருக்கிறதா, கிரேன் அதை அதிகபட்சம் எத்தனை மீட்டர் தூக்கும், கலம் குளத்து விளிம்பில் விழுந்தால் எது உடையும் என்பதெல்லாம் விபத்து ஆய்வுப் பகுதியில் இருக்கவேண்டும்.

எந்தக் கேள்வி எந்த அலுவலகத்துக்கு

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட இ.ஐ.ஏ. அறிவிக்கையின் அட்டவணையில் அணுமின் திட்டங்களும் அணு எரிபொருள் செயலாக்கமும் ஒரே வரிசையில் வருகின்றன. எல்லாமே ‘ஏ’ பிரிவு. ஆகவே அனுமதி தருவது மாநில ஆணையம் அல்ல, டெல்லியில் உள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். விண்ணப்பம், முன்சாத்தியக்கூறு அறிக்கை, ஆய்வு வரையறைக் கடிதம் (எவற்றையெல்லாம் ஆராயவேண்டும் என்று அமைச்சகம் நிபந்தனை விதிக்கும் கடிதம்), வரைவு அறிக்கை எல்லாவற்றையும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான ஒப்புதல் வேறு பாதை. அதைத் தருவது 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இடம் தேர்வு, கட்டுமானம், இயக்கம் என்று கட்டம் கட்டமாக வரும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் சேரும். ‘சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது, எல்லாம் முடிந்தது’ என்று செய்தி வந்தால் மற்ற இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று விசாரியுங்கள்.

எல்லா மாற்றமும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய குளத்துக்குள் அடுக்கை மட்டும் மாற்றினால், உற்பத்தித் திறன் கூடவில்லை என்று சொல்லி இ.ஐ.ஏ. பக்கமே வராமல் வாரியத்தின் ஒப்புதலோடு முடித்துக்கொள்ள இடமிருக்கிறது. பாதுகாப்பு, கேந்திர முக்கியத்துவம் என்று மத்திய அரசு முடிவுசெய்தால் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்தே விலக்கு கிடைக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 30 நாளில் வரும் பதிலைப் பார்க்கலாம். ‘ஆவணம் தரவும்’ என்று பொதுவாகக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுப்பார்கள். ‘எந்தத் தேதியில் எந்த ஒப்புதல் வழங்கப்பட்டது, சேமிப்புக் கொள்ளளவு எவ்வளவிலிருந்து எவ்வளவாக மாறியது’ என்று கேட்டால் மறுப்பது கடினம்.

நான்கு எண்கள்

அறிக்கையைத் திறந்ததும் முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கவேண்டாம். இணைப்பில் உள்ள ஆய்வு வரையறைக் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே பதில் இருக்கும் பக்க எண்ணைப் பென்சிலில் குறியுங்கள். பதில் இல்லாத நிபந்தனைகள் கண்ணில் படும். கூட்டத்தில் மறுக்கமுடியாத ஆட்சேபங்கள் அவைதான். பிறகு திட்ட விவரணைக்கு வாருங்கள்.

எத்தனை: 220 மெகாவாட் கனநீர் உலையின் எரிபொருள் கட்டு அரை மீட்டர் நீளம், 19 குச்சிகள், உள்ளே சுமார் 15 கிலோ யுரேனியம். உலையின் வெப்பத்திறன் ஏறத்தாழ 750 மெகாவாட். ஆண்டில் 85 சதவீத நாட்கள் முழுத்திறனில் ஓடுகிறது என்று வைத்தால் 750 × 365 × 0.85, அதாவது சுமார் 2,32,700 மெகாவாட்-நாள். ஒரு டன் யுரேனியம் தருவது சுமார் 7,000 மெகாவாட்-நாள். வகுத்தால் 33 டன். கட்டுக் கணக்கில் சுமார் 2,200. இரண்டு அலகு என்றால் ஆண்டுக்கு 4,400. அறிக்கை ‘40,000 கட்டுகள் கொள்ளும், 20 ஆண்டுக்குப் போதும்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் 9 ஆண்டுதான் வருகிறது. மீதி 11 ஆண்டு எங்கிருந்து வந்தது? ஒரு உலை நீண்டகாலம் நின்றிருக்கும் என்று கருதினார்களா, மறுசெயலாக்கத்துக்கு ஆண்டுதோறும் இத்தனை கட்டு போகும் என்று கருதினார்களா? எந்த அனுமானம் என்று எழுத்தில் வாங்குங்கள். கூடங்குளத்து உலையில் கட்டு என்ற பேச்சே இல்லை. ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமுள்ள 163 எரிபொருள் தொகுதிகள் உள்ளே இருக்கும், அவற்றில் ஒரு பகுதியை நிறுத்தக் காலத்தில் மாற்றுவார்கள். கணக்கு முறை அதேதான்.

எத்தனை ஆண்டு ஆறியது: உலையிலிருந்து எடுத்த புதிதில் வெப்பம் வேகமாகக் குறையும், பிறகு மெல்லக் குறையும். பத்தாண்டு ஆறிய கனநீர் உலைக் கட்டு ஒன்று தருவது சில வாட் வெப்பம் மட்டுமே. கூடங்குளத்து வகைத் தொகுதி ஒன்று அதே பத்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்கணக்கான வாட் தரும். ‘போதிய அளவு ஆறிய எரிபொருள் மட்டுமே கொண்டுவரப்படும்’ என்ற வாக்கியம் அறிக்கைகளில் நிறைய வரும். போதிய அளவு என்றால் குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு என்ற எண்ணை அனுமதி நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் குளம் நெருக்கடியில் இருக்கும் வருஷம் மூன்றாண்டு ஆறியதும் ‘போதிய அளவு’ ஆகிவிடும்.

எவ்வளவு வெப்பம்: மொத்த வெப்பச் சுமையும் குளத்து நீரின் கன அளவும் கிடைத்தால், மின்சாரமும் பம்பும் நின்றால் எத்தனை நாளில் நீர் கொதிக்கும் என்று நீங்களே போடலாம். 3,000 கன மீட்டர் நீர், 500 கிலோவாட் வெப்பம், தொடக்க வெப்பநிலை 35 டிகிரி என்று வைப்போம். 30 லட்சம் கிலோ × 4.19 × 65 = சுமார் 81.7 கோடி கிலோஜூல். 500-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.3 லட்சம் வினாடி, அதாவது 19 நாள். கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஆவியாவது சுமார் 19 டன். மெட்ரோ வாட்டர் லாரி கணக்கில் சுமார் இரண்டு லாரி. இந்த எண்களைப் பார்த்தால் இரண்டு விஷயம் புரியும். பழைய எரிபொருள் உள்ள குளத்தில் அவசரத்துக்கு அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் 19 டன் கனிமநீக்கிய நீரை எந்தக் குழாயில், எந்த மின்சாரத்தில், வெள்ளம் சூழ்ந்த சாலையில் யார் கொண்டுவருவார்கள் என்ற திட்டம் இருக்கவேண்டும். நீர் கொதிக்காமலே வெளியேறிப் போகவும் வாய்ப்புண்டு: குளம் கசிந்து மட்டம் இறங்கினால் 19 நாள் கணக்கு செல்லாது. கசிவுக்குத் தனிக் கணக்கு கேளுங்கள்.

இதையொட்டி ஒன்று. கருத்துக் கேட்பில் பலரும் சூடான நீர் கடலில் விடப்படுவதைப் பற்றிப் பேசுவார்கள். அது உலையின் நீராவியைக் குளிர்விக்கும் ஒடுக்கியின் (கண்டென்சர்) வெப்பம், ஒரு அலகுக்கே 500 மெகாவாட்டுக்கு மேல். சேமிப்புக் குளத்தின் பங்கு அதில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மீனவர்களின் கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு இடம் உலை விரிவாக்க அறிக்கை. சேமிப்பு அறிக்கை பற்றிப் பேசக் கிடைத்த மூன்று நிமிடத்தை அதில் செலவிட்டால் நிர்வாகத்துக்குச் சுலபமான பதில் ஒன்று கிடைத்துவிடும்.

எந்த ஆண்டு வரை: இந்தியக் கொள்கைப்படி பயன்படுத்திய எரிபொருள் மறுசெயலாக்கத்துக்கான மூலப்பொருள். ஆகவே ஒவ்வொரு சேமிப்பும் ‘இடைக்கால’மாகத்தான் வரும். கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்கள் தந்தது. பயன்படுத்திய எரிபொருளைக் கையாள்வதும் நிரந்தர ஆழ்நிலக் கிடங்கும் அவற்றில் பேசப்பட்டன. ஏ.எஃப்.ஆர். கட்ட ஐந்தாண்டு கெடு என்று போய், 2018-இல் அது 2022 வரை நீண்டது. அதற்கான கருத்துக் கேட்பு 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடக்கும் என்று அறிவித்து, பிறகு ஒத்திவைத்தார்கள். இடைக்காலம் எப்படி நீள்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கட்டடத்தின் வடிவமைப்பு ஆயுள், எரிபொருள் அங்கே இருக்கப்போகும் ஆண்டுகள், உலை மூடப்பட்ட பிறகு யார் செலவில் பராமரிப்பு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அளவீடுகள் உள்ள அத்தியாயம்

ஆய்வுப் பரப்பு வழக்கமாக 10 கிலோமீட்டர் ஆரம். ஒரு பருவத் தரவு. இங்கேதான் சென்னைக் கடற்கரைக்கு ஒரு சிக்கல். மார்ச் முதல் மே வரை அளந்தால் அக்டோபர்-டிசம்பர் வடகிழக்குப் பருவக்காற்று கணக்கில் வராது. அந்த மாதங்களில் காற்று கடலிலிருந்து ஊர்ப்பக்கம் வீசுகிறது, நிலத்தடி நீர்மட்டம் மேலே வருகிறது, பக்கிங்காம் கால்வாய் நிரம்பி ஓடுகிறது. கசிவும் காற்றில் பரவலும் மோசமாக அமையக்கூடிய காலம் அதுதான். இரண்டு பருவத்துக்கும் காற்றுத் திசை வரைபடம் கேளுங்கள்.

காமா அளவீட்டுப் பட்டியலில் இடப்பெயரைப் பாருங்கள். கல்பாக்கம் கடற்கரையில் மோனசைட் மணல் திட்டுகள் உண்டு; அங்கே இயற்கைக் கதிர்வீச்சே கூடுதல். மணல் திட்டின் மேல் எடுத்த அளவைக் ‘கட்டுவதற்கு முன்’ என்றும், நூறு மீட்டர் தள்ளி எடுத்ததைக் ‘கட்டிய பின்’ என்றும் வைத்தால் எதையும் நிரூபிக்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகையோடு அதே இடம் வேண்டும்.

‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று கட்டம் கட்டமாக இருந்தால், அந்தக் கண்டறியும் அளவு என்ன என்ற எண் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீரில் சீசியம்-137-க்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 பெக்கரல், டிரிட்டியத்துக்கு 10,000. கருவியின் கண்டறியும் அளவே 10-க்கு அருகில் என்றால் அந்தக் கட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கியூரியில் தந்திருந்தால் ஒரு கியூரிக்கு 3,700 கோடி பெக்கரல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். அது வளாகத்தின் எல்லா வசதிகளுக்கும் சேர்த்து. புதுச் சேமிப்பு வந்தால் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கவேண்டும், யாருடைய பங்கிலிருந்து என்பதற்கு அட்டவணை இருக்கவேண்டும். புது வசதியின் அளவை மட்டும் தனியாகக் காட்டி ‘வரம்பில் ஒரு சதவீதம்கூட இல்லை’ என்று எழுதுவது பழைய பழக்கம்.

வெள்ளத்துக்கு இரண்டு எண் போதும்: கட்டடத் தள மட்டம், வடிவமைப்பு வெள்ள மட்டம், இரண்டும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து மீட்டரில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கத்தின் கடல்நீர்ப் பம்ப் நிலையத்தில் நீர் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது; ஈனுலைக்குத் தோண்டிய பள்ளமும் நிரம்பியது. அந்த அலை உயரம் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு தரவேண்டும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 30 நாள். விளம்பரம் வெளியான நாளிதழ்ப் பக்கத்தை முழுசாக எடுத்து வையுங்கள், தேதி தெரிய. வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் இருக்கவேண்டும்; கல்பாக்கத்துக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அன்றே ஒரு மனு எழுதிக் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். கொள்ளளவும் ஆண்டும் தட்டச்சில் மாறிக் கிடப்பது உண்டு.

கூட்டத்துக்கு ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நிர்வாக நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை தாங்குவார். வீடியோ எடுப்பது கட்டாயம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற விதி கிடையாது, ஆகவே ‘யாரும் போகாவிட்டால் நடக்காது’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பேசும் நேரம் குறைவு. எழுதியதை இரண்டு பிரதி எடுத்துப்போங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்றில் கையெழுத்து உங்களுக்கு. நேரில் வரமுடியாதவர் எழுத்தில் அனுப்பினாலும் அது பதிவில் சேரவேண்டும்.

‘எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?’ என்று கேட்டால் ‘முழுப் பாதுகாப்பு’ என்று பதில் வரும், நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரியாக முடியும். ‘இத்தனையாவது பக்கத்து அட்டவணையில் வெப்பச் சுமை இவ்வளவு, குளத்தின் நீர் அளவு எங்கும் தரப்படவில்லை, தரவும், கொதிக்கும் நேரத்தையும் தரவும்’ என்று கேட்டால் நிறுவனம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும், அந்தப் பதில் இறுதி அறிக்கையில் சேரும். கூட்ட முடிவில் நிகழ்ச்சிக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார்கள். கூட்டம் கலைந்து பஸ் பிடிக்க ஓடும் நேரம் அது. இருந்து கேளுங்கள். உங்கள் கேள்வி விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லவேண்டும். மறுநாள் கடிதம் எழுதினால் அது வேறு கணக்கு.

அனுமதிக்குப் பிறகு

அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் நிகழ்ச்சிக் குறிப்புகள் பரிவேஷில் வரும். அனுமதிக் கடிதம் கிடைத்ததும் தேதியைக் குறியுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதைத் தாண்டி வழியில்லை. தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பதால் அலைச்சல் குறைவு. தீர்ப்பாயச் சட்டத்தின் பட்டியலில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் உண்டு, அணுசக்திச் சட்டம் கிடையாது. ஆகவே முறையீட்டைக் கலந்தாய்வுக் குறை, தரவுக் குறை, அறிவிக்கை மீறல் ஆகியவற்றின் மேல் கட்டுங்கள்.

வழக்குக்குப் போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையை நிறுவனம் தரவேண்டும். அது பொது ஆவணம். அதில் மூன்று இடம் பார்த்தால் போதும்: குளத்தில் இப்போது எத்தனை கட்டுகள், கசிவுக் கால்வாயில் அரையாண்டில் சேர்ந்த நீர் எத்தனை லிட்டர், சுற்றுக் கிணறுகளில் டிரிட்டியம் எவ்வளவு. ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிவாருங்கள். முந்தைய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டிய எண்கள் நாலாவது வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும்.